இரண்டு வரியோடு நின்றுபோகும் மெட்டை என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கேட்ட பாட்டைக் கீபோர்டில் தட்டுத்தடுமாறி வாசிக்க வருகிறது. நடக்கும்போது, குளிக்கும்போது சொந்தமாக ஒரு மெட்டு வாயில் வந்துவிடுகிறது. ஆனால் உட்கார்ந்து அதை முழுசாக்கப் பார்த்தால் இரண்டு வரியோடு நின்றுபோகிறது. தியரி படித்தால் சரியாகுமா? ராகம் தெரிய வேண்டுமா? எங்கே தொடங்குவது?

இரண்டு வரி வந்துவிட்டது என்றால் உங்களுக்கு வேண்டிய சரக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த இடத்தில். மூன்றாவது வரிக்குப் புத்தம் புதிதாக ஏதோ ஒன்று வானத்திலிருந்து இறங்கும் என்று காத்திருக்கிறோம். இறங்காது. இறங்கினாலும் முதல் இரண்டு வரியோடு ஒட்டாது. நானும் சில வருடங்கள் அப்படித்தான் காத்திருந்தேன். கையில் மிஞ்சியது நாற்பது ஐம்பது 'ஆரம்பங்கள்', ஒரு முழுப் பாட்டுகூட இல்லை. மெட்டு போடுவது என்பது பெரும்பாலும் முதலில் வந்த நாலைந்து ஸ்வரத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது. அதையே திரும்பச் சொல்வது, கொஞ்சம் மாற்றிச் சொல்வது, மேலே தூக்குவது, கீழே இறக்குவது, கடைசியில் வீட்டுக்குக் கூட்டி வருவது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் கீழே ஒரு சின்ன மெட்டை உங்கள் கண்ணெதிரே போட்டே காட்டுகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. மெட்டு வந்த உடனே போனில் பதிவு செய்யுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. கூடவே விரலால் தாளம் தட்டுங்கள், அதுதான் முக்கியம். தாளம் இல்லாமல் முனகி வைத்த பதிவை மறுநாள் கேட்டால், எந்த ஸ்வரத்தில் அடி விழுந்தது என்பது உங்களுக்கே புரியாது. "இது மறக்கவே மறக்காது" என்று நினைக்கும் மெட்டுதான் முதலில் மறந்துபோகும்.

சரி, தியரி. தொடங்குவதற்கு வேண்டியது கொஞ்சம்தான். கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து அதே ஸ்வரம் மேலே மறுபடி வரும் வரை, கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டைகள். அதில் ஏதாவது ஒன்றை ஸ என்று வைத்துக்கொள்கிறோம்; அது வீடு. மற்ற ஸ்வரங்களெல்லாம் அந்த வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்துத்தான் நமக்கு உணர்ச்சி தருகின்றன. இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்குச் சற்று இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டைதான் சி. நம் கணக்கில் ஒரு கட்டை ஸ்ருதி. அதிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் மேஜர் ஸ்கேல் வரும்; மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் 29-ஆவதான சங்கராபரணத்தின் ஸ்வரங்களும் அவையே. அதே வெள்ளைக் கட்டைகளை, சி-யிலிருந்து எண்ணினால் ஆறாவது வெள்ளையான ஏ என்ற கட்டையிலிருந்து தொடங்கி வாசித்தால் மைனர் ஸ்கேல்; அது 20-ஆவது மேளமான நடபைரவி.

இங்கே ஒரு விளையாட்டு. கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். மூன்று கறுப்பு சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கறுப்பை இடது கையால் தாழ்வான ஸ்தாயியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மற்ற கறுப்புகளில் இஷ்டத்துக்கு அலையுங்கள். கேட்பது மோகனத்தின் ஸ்வரங்கள்: ஸ ரி க ப த. வெளிச்சமாக, திறந்த வெளி மாதிரி இருக்கும். இப்போது வலது கையை மாற்றாமல் இடது கையை மட்டும் நகர்த்தி, இரண்டு கறுப்பு சேர்ந்திருக்கும் இடத்தில் இரண்டாவது கறுப்பைப் பிடியுங்கள். அதே ஐந்து கட்டைதான். ஆனால் முகம் மாறிவிடும், ஓர் ஏக்கம் வந்து உட்காரும். இப்போது கேட்பது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை, வீடு மாறியது, அவ்வளவுதான். இந்த ஒரு சோதனையைப் பத்து நிமிடம் செய்தால், ஆதார ஸ்ருதி என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் சொல்லாத அளவுக்குப் புரியும். மெட்டு போடும்போது ஸ பின்னணியில் ஒலித்துக்கொண்டே இருக்கட்டும். தம்புரா செயலி ஒன்று போதும்.

(ஸ்வரங்களை வாசித்தாலே ராகம் வந்துவிடாது என்று இசை பயின்றவர்கள் இந்த இடத்தில் கோபித்துக்கொள்வார்கள். சரிதான். ஸ்வரத்தை அசைக்கும் கமகமும் ராகத்துக்கே உரிய பிடிகளும் இல்லாமல் மோகனம் மோகனமாகாது. இங்கே நான் ராகப் பெயர்களைச் சொல்வது ஸ்வர மூட்டைக்கு அடையாளச் சீட்டாக மட்டும்.)

ஆரம்பிப்பவர்களுக்கு ஐந்து ஸ்வரம்தான் என் சிபாரிசு. பன்னிரண்டையும் கையில் கொடுத்தால் என்ன செய்வதென்று திகைப்பு வரும். மோகனத்தின் ஐந்தில் அடுத்தடுத்து அரைச் சுரம் (ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய கட்டைக்கும் உள்ள தூரம்) உரசும் இடமே கிடையாது. எதை எதன் பின்னால் வைத்தாலும் காது சுளிக்காது. தப்பே செய்ய முடியாத இடத்தில் நின்றுகொண்டு முதலில் அமைப்பைக் கற்றுக்கொள்ளலாம்.

தாளத்துக்கு நாலு எண்ணிக்கை போதும். நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தை வைத்துக்கொள்வோம், நிதானமாக நடக்கிற மாதிரி. நாலு எண்ணிக்கை ஒரு பார். எட்டு பார் என்றால் 32 எண்ணிக்கை, 24 விநாடி. ஆதி தாளம் பழகியவர்கள் இதை நாலு ஆவர்த்தனம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு பல்லவிக்கு இது தாராளம்.

இனி மெட்டு. காற்புள்ளி என்றால் முந்தின ஸ்வரத்தை இன்னும் ஓர் எண்ணிக்கை நீட்ட வேண்டும். வாயில் வந்தது இதுதான் என்று வைத்துக்கொள்வோம்:

க க ப , | த ப க ,

குட்டை, குட்டை, நெட்டை. மறுபடியும் குட்டை, குட்டை, நெட்டை. சும்மா ஆறு ஸ்வரம். பெரிய கற்பனை ஒன்றும் இல்லை, தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டதும் "இதில் என்ன இருக்கிறது" என்று தூக்கிப் போட்டுவிட்டு வேறு தேடப் போவார்கள். போகாதீர்கள். இதையே ராகத்தில் ஒவ்வொரு படி கீழே இறக்கிப் பாருங்கள். க இருந்த இடத்தில் ரி, ப இருந்த இடத்தில் க, த இருந்த இடத்தில் ப:

ரி ரி க , | ப க ரி ,

மூன்றாவது நாலாவது பார் தயார். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் கேட்பவருக்கு மெட்டு நகர்ந்துவிட்டது. கவனியுங்கள், முடிவது ரி-யில். ஸ பக்கத்தில் இருக்கிறது, ஆனால் தொடவில்லை. வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் நிற்கிற மாதிரி. பேச்சில் கேள்வி கேட்கும்போது குரல் தொங்கி நிற்குமே, அந்த வேலையை இந்த ரி செய்கிறது. இனி பதில் வேண்டும். பதில் எங்கிருந்து தொடங்கும்? கேள்வி தொடங்கிய அதே இடத்திலிருந்து:

க க ப , | த ஸ' த ,

ஐந்தாவது பார் முதல் பாரேதான். காது "ஓ, தெரிந்த ஆள்" என்று நிமிரும். ஆறாவது பாரில் பழையபடி ப-வுக்கு இறங்கும் என்று எதிர்பார்க்கும்போது மெட்டு மேல் ஸ-வைத் தொட்டுத் திரும்புகிறது (மேல் ஸ்தாயிக்கு அந்தச் சின்னக் கோடு). மொத்த எட்டு பாரிலும் இவ்வளவு உயரத்துக்கு வேறெங்கும் போகவில்லை. 32 எண்ணிக்கையில் இது 22-ஆவது, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். சிகரத்தை இப்படிப் பாதி தாண்டி வைப்பது பொதுவாக நன்றாக உட்காரும். முதல் பாரிலேயே உச்சிக்குப் போய்விட்டால் மீதி முழுக்க இறக்கம்தான், பாடுபவருக்கும் கேட்பவருக்கும். பிறகு இறங்கி வீடு சேரலாம்:

ப க க ரி | ஸ , , ,

இங்கே 'குட்டை, குட்டை, நெட்டை' உடைகிறது, பார்த்தீர்களா? நாலும் சம அளவில் படியிறங்கி, ஸ-வில் நீளமாக நிற்கிறது. ஆறு தடவை ஒரே தாளக்கட்டைக் கேட்ட பிறகு ஏழாவதில் அது மாறுவதே 'முடியப் போகிறது' என்ற அறிவிப்பு.

முழுசாக:

க க ப , | த ப க , | ரி ரி க , | ப க ரி ,
க க ப , | த ஸ' த , | ப க க ரி | ஸ , , ,

இது மகத்தான மெட்டு ஒன்றும் இல்லை, எனக்கே தெரியும். ஆனால் முழுசானது. எட்டு பாரில் புதிய யோசனை என்று பார்த்தால் முதல் இரண்டு பார்தான். மற்றதெல்லாம் அதை இறக்கியது, திரும்பச் சொன்னது, ஓரிடத்தில் திருப்பிவிட்டது. உங்களிடம் இருக்கும் அந்த இரண்டு வரியை எடுத்து இதே வைத்தியத்தைச் செய்து பாருங்கள்.

பெரியவர்களும் இப்படித்தான் செய்தார்களா என்று கேட்டால், 1824-இல் அரங்கேறிய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியில் கடைசிப் பகுதியின் புகழ்பெற்ற மெட்டைப் பாருங்கள். க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. இது கேள்வி, முடிவது ரி-யில். அடுத்த வரி அப்படியே அதே; கடைசியில் மட்டும் ரி ஸ ஸ. முதல் எட்டு பாரும் ஸ-விலிருந்து ப வரை ஐந்தே ஸ்வரத்துக்குள். எங்கும் தாவல் கிடையாது, படிப்படியாக ஏறி இறங்குவதுதான். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. அடித்து அடித்துத் திருத்திய பக்கங்கள். எளிமையான மெட்டு எளிதில் வந்துவிடுவதில்லை.

திரும்பச் சொல்லும்போது அப்படியே சொல்லவேண்டும் என்பதில்லை. கர்நாடக இசையில் இதற்குச் சங்கதி என்று அருமையான ஒரு கருவி இருக்கிறது. தியாகராஜர் கிருதிகளில் பல்லவியின் ஒரே வரி சங்கதி சங்கதியாக வளர்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல் மாறாது, சட்டகம் மாறாது, உள்ளே நடமாட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகும். நம் மெட்டில், இரண்டாம் முறை பாடும்போது முதல் பாரை 'க ரிக ப தப' என்று வைக்கலாம் (சேர்த்து எழுதியவை அரை அரை எண்ணிக்கை). ஒரே ஒரு எச்சரிக்கை: முதலில் எளிமையாக ஒருமுறை சொல்லிவிட்டு அப்புறம் அலங்கரியுங்கள். மூலம் காதில் பதியாமல் சங்கதி போட்டால், கேட்பவருக்கு எது மூலம் எது அலங்காரம் என்றே தெரியாது.

கார்டு (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பற்றித்தான் நிறைய பேர் பயப்படுகிறார்கள். செய்முறை சின்னது. ஒரு ஸ்வரத்தைத் தொடு, அடுத்ததை விடு, அதற்கடுத்ததைத் தொடு, ஒன்றை விடு, இன்னொன்றைத் தொடு. சி-யை ஸ என்று வைத்துக்கொண்டு, வெள்ளைக் கட்டைகளில் ஸ-க-ப சேர்ந்தால் சி மேஜர். ம-த-ஸ எஃப் மேஜர். ப-நி-ரி ஜி மேஜர். த-ஸ-க ஏ மைனர். மேஜருக்கும் மைனருக்கும் வித்தியாசம் அடி ஸ்வரத்துக்கும் நடு ஸ்வரத்துக்கும் உள்ள இடைவெளி மட்டும்: மேஜரில் நாலு அரைச் சுரம், மைனரில் மூன்று. இந்த நாலு கார்டை வைத்துக்கொண்டே நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஓட்டலாம்.

எந்த பாருக்கு எந்தக் கார்டு? பாரின் பலமான எண்ணிக்கையில், அதாவது முதலிலும் மூன்றாவதிலும், எந்த ஸ்வரம் நிற்கிறதோ அது இருக்கும் கார்டைத் தேடுங்கள். நம் மெட்டுக்கு நான் வைப்பது: சி, ஏ மைனர், சி, ஜி, சி, எஃப், ஜி, சி. ஆறாவது பாரில் த ஸ' த இரண்டுமே எஃப் கார்டின் ஸ்வரங்கள், மெட்டு சிகரம் தொடும் அதே நேரம் அடியில் இதுவரை வராத கார்டு திறக்கிறது. அதுதான் அந்த இடத்தைத் தூக்குகிறது. மூன்றாவது பாரைக் கவனியுங்கள். ரி சி கார்டில் இல்லை. இரண்டு எண்ணிக்கை லேசாக உரசிவிட்டு க-வில் போய் அடங்குகிறது. உரசலே வரக்கூடாது என்று நினைக்காதீர்கள். உரசிவிட்டு அடங்குவதில்தான் இனிமை. உரசல் அடங்காமல் தொங்கினால்தான் தப்பு. ஏழாவது பாரில் ஜி கார்டு ஏன்? அதற்குள் நி இருக்கிறது. நி, மேல் ஸ-வுக்கு அரைச் சுரம் கீழே. அந்த இடத்தில் அதிக நேரம் நிற்க முடியாது, ஸ-வுக்குப் போகவே இழுக்கும். அதனால்தான் ஜி-யிலிருந்து சி-க்கு வந்தால் முற்றுப்புள்ளி வைத்த மாதிரி இருக்கிறது.

எஃப் கார்டில் ம-வும் ஜி கார்டில் நி-யும் வருகின்றன, இரண்டும் மோகனத்தில் இல்லாதவை. மெல்லிசையில் இதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ராகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள விரும்பினால் கார்டையே விட்டுவிடுங்கள். ஸ-ப மட்டும் பின்னால் ஒலிக்கட்டும். அதுவும் அழகுதான், சில மெட்டுகளுக்கு அதுதான் அழகு. கார்டு மாற்றிக்கொண்டே இருந்தால் இசை 'வளமாக' இருக்கும் என்பது ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் மயக்கம்.

வார்த்தை போடுவதாக இருந்தால், முதலில் மெட்டைத் தத்தகாரத்தில் சொல்லுங்கள். நம்முடையது: தன தா, தன தா, தன தா, தன தா, தன தா, தன தா, தனதன தா. இதுதான் அச்சு. குறில் வரும் இடத்தில் குறிலும் நெடில் வரும் இடத்தில் நெடிலும் உட்கார வேண்டும். சும்மா ஒரு ஒப்புக்கு:

வருவாய் மழையே இனிதாய்ப் பொழிவாய்
வருவாய் மழையே மனதினிலே

கவிதை சுமார்தான், ஆனால் அச்சில் பொருந்துகிறது. வ-ரு-வாய்: குறில், குறில், நெடில். 'மழையே' என்பதில் ழை வருகிறதே, அது நீளாதா என்றால், சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகிவிடும். இலக்கண வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்ட ஐகாரக்குறுக்கம் இங்கே வந்து உதவுகிறது! 'மனதினிலே' நாலு குறிலும் ஒரு நெடிலும், ஏழாவது எட்டாவது பாருக்கு அளந்து வைத்த மாதிரி. தமிழில் இதைக் கவனிக்காமல் விட்டால் உச்சரிப்பு மட்டும் கெடாது, பொருளே மாறிவிடும். 'பாடு' என்ற சொல்லைக் குட்டை ஸ்வரத்தில் திணித்தால் 'படு' என்று கேட்கும்; 'வீடு' விடுபட்டு 'விடு' ஆகும். பாட்டு எழுதித் தருபவர் வேறொருவர் என்றால் அவருக்கு மெட்டோடு தத்தகாரத்தையும் சேர்த்துப் பாடி அனுப்புங்கள். வரி முதலில் இருந்தால் வேலை தலைகீழ்: வரியைச் சத்தமாகப் பேசிப் பாருங்கள், எங்கே குரல் ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதி மெட்டு அந்தப் பேச்சிலேயே இருக்கும்.

பல்லவி முடிந்தால் சரணம். "சரணத்துக்கு என்ன செய்ய" என்பது இரண்டாவது பெரிய முட்டுச்சந்து. மறுபடியும் அதே பதில்தான், இருப்பதைத் திருப்புங்கள். இந்தத் தடவை கண்ணாடியில் காட்டுகிற மாதிரி. பல்லவி 'க க ப' என்று ஏறித் தொடங்கியது. சரணம் மேலிருந்து இறங்கித் தொடங்கட்டும்:

ஸ' ஸ' த , | ப த ஸ' ,

அதே தாளக்கட்டு, அதே படி அளவுகள், திசை மட்டும் தலைகீழ். அடியில் ஏ மைனரில் தொடங்கினால் வெளிச்சம் சற்று மங்கி, வேறு அறைக்குள் வந்த உணர்வு கிடைக்கும். பல்லவி கேட்டவருக்கு இது புதுசாகவும் இருக்கும், சொந்தக்காரராகவும் தெரியும். சரணத்தில் மாற்றம் தெரிய வேண்டும் என்றால் மூன்றில் ஒன்றையாவது மாற்றுங்கள்: நடமாடும் உயரம், ஸ்வரங்களின் நெருக்கம், தொடங்கும் கார்டு. மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் வேறு பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைப்பார்கள். சரணத்தின் கடைசி இரண்டு பார் பல்லவிக்கு ஆள் அனுப்புகிற மாதிரி முடியட்டும், ரி-யிலோ ப-விலோ நின்றுவிட்டால் பல்லவியின் முதல் ஸ்வரம் தானாகவே வந்து விழும். நிமிடத்துக்கு 80 தட்டில் மூன்று நிமிடப் பாட்டு என்றால் மொத்தம் அறுபதே பார். எட்டு பார் பல்லவி மூன்று நாலு முறை, சரணம் இரண்டு முறை, முன்னிசை, இடையிசை என்று கூட்டிப் பாருங்கள், அறுபது சீக்கிரம் நிரம்பிவிடும். முன்னிசையும் வெளியே தேட வேண்டாம். சரணத்தின் கடைசி நாலு பாரை வார்த்தையில்லாமல் புல்லாங்குழலில் வாசித்தால் ஆயிற்று.

ஸ்ருதியைப் பாடுபவரை வைத்து முடிவு செய்யுங்கள். ஆண் குரல் என்றால் ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுற்றில் (சி, அதை அடுத்த கறுப்பு), பெண் குரல் என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுற்றில் (ஜி, அதை அடுத்த கறுப்பு) முதலில் வைத்துப் பார்ப்பது வழக்கம், பிறகு ஆளுக்குத் தக்கபடி நகர்த்தலாம். பயிற்சி இல்லாதவர் பாடுவதற்கென்றால் மொத்த மெட்டும் ஒன்றரை ஸ்தாயியைத் தாண்ட வேண்டாம். நம் பல்லவி ஒரே ஸ்தாயிக்குள் அடங்குகிறது, யாரும் பாடலாம். கீபோர்டில் விரல் எங்கே வேண்டுமானாலும் தாவும், தொண்டை தாவாது. அதனால் விரலில் பிறந்த மெட்டை ஒருதடவை பாடிப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். மூச்சு விட இடம் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

வாத்தியங்கள் சேர்ப்பது தனிக்கதை. இங்கே ஒன்றிரண்டு மட்டும். மெட்டு, பேஸ் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரங்கள்), தாளம் என்ற மூன்று அடுக்கில் பாட்டு நிற்க வேண்டும். அதில் நிற்காத பாட்டு முப்பது அடுக்கிலும் நிற்காது. பேஸுக்கு ஆரம்பத்தில் ஒவ்வொரு கார்டின் அடி ஸ்வரமே போதும். தாழ்வான ஸ்தாயியில் மூன்று ஸ்வரத்தை நெருக்கமாகச் சேர்த்து அழுத்தாதீர்கள், சேறு மாதிரி கலங்கிவிடும். கீழே விரித்து வையுங்கள், மேலே நெருக்கலாம். மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் மற்ற வாத்தியம் பதில் சொல்லட்டும், மெட்டு ஓடும்போது மற்றவை சும்மா இருக்கட்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் கேட்காதல்லவா. எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள்: ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட், ஸ்வரங்களை எழுதிக் கேட்க இலவசமான மியூஸ்ஸ்கோர். ஆனால் மெட்டு முடியும்வரை இவற்றைத் திறக்கவே திறக்காதீர்கள் என்பேன். திறந்தால் டிரம் சத்தம் தேடியே ராத்திரி கழிந்துவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

முடித்ததும் நடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே" என்ற பயம். சில சமயம் உண்மையாகவே கேட்டதாகத்தான் இருக்கும். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் தன்னையறியாமல் ஒரு பழைய பாட்டின் மெட்டை எடுத்தாண்டுவிட்டார் என்று 1976-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அவருக்கே நடந்தது நமக்கு நடக்காதா? ஸ ரி க ப த என்ற ஏறுவரிசை யாருடைய சொத்தும் இல்லை. நாலு கார்டு வரிசையும் அப்படித்தான். ஆனால் ஸ்வர வரிசை, தாளக்கட்டு, முடியும் இடம் மூன்றும் சேர்ந்து இன்னொரு பாட்டோடு ஒத்துப்போனால் மாற்றத்தான் வேண்டும். நிறைய பாட்டு கேட்கிற ஒருவரிடம் பாடிக் காட்டுங்கள். உங்களுக்குப் பிடிபடாதது அவருக்கு இரண்டு பாரில் பிடிபட்டுவிடும்.

என் மெட்டு ஒன்றை ஒரு நண்பர் பாதியிலேயே நிறுத்தி, நான் சிறுவயதில் வாரக்கணக்கில் முணுமுணுத்த ஒரு பழைய பாட்டைப் பாடிக் காட்டினார். அப்படியே அதுதான். ஒரு நாள் முழுக்க எரிச்சல். மறுநாள் முதல் பாரை விட்டுவிட்டு மூன்றாவது பாரை மட்டும் எடுத்து, அதையே தொடக்கமாக வைத்து, மேலே சொன்ன மாதிரி இறக்கி, திருப்பி, ஏற்றி, மறுபடியும் எட்டு பார் கட்டினேன். அந்தப் பழைய பாட்டின் வாசனையே இல்லை. இரண்டாவதாக வந்ததுதான் இன்றைக்கும் நான் பாடுவது.